முதல் தண்ணீர்

செவ்வாய் இரவு பத்தரைக்கு
மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து போன்.
"வெர்னெட்டா, நாளை ஆறு மணிக்குச் சோதனை.
நீ ஐந்துக்கே போய்
எல்லாக் குழாயையும் திறந்துவிடு.
ஒரு மணி நேரம் ஓடட்டும்.
குழாய்க்கும் நல்லதுதானே."
யார் சொன்னது என்று கேட்டாள்.
யாரும் சொல்லவில்லை என்றது குரல்.

ஈயம் பூசினது போலவும் இருக்க வேண்டும்,
பூசாதது போலவும் இருக்க வேண்டும்.
போன முறை அப்படித்தான் செய்தாள்.
பன்னிரண்டு பாட்டில்களும் பரிசுத்தமாகத் தேறின.
அந்தச் சான்றிதழ் வாசலில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.
வெள்ளிதோறும் அவளேதான் தூசி துடைக்கிறாள்.

காலை நாலு ஐம்பது. ஒஹாயோ ஆற்றின் மேல்
நிலக்கரிப் படகு ஒன்று
இருட்டைப் பார்த்து ஒருமுறை ஊதியது.
பக்கக் கதவைத் திறந்தாள்.
விளக்கைப் போடவில்லை.
மழலையர் வகுப்புக்கு வெளியே
நீரூற்றுக் குழாயின் அடியில்
ஒரு மரப்படி இருக்கிறது.
எட்டாத பிள்ளைகள் எட்டிக் குடிக்கட்டும் என்று
மூன்று வருடம் முன்பு
அவளே பலகை அறுத்து, ஆணி அடித்து,
விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிப் போட்டது.

அதன் மேல் உட்கார்ந்தாள்.
கையுறையோடு கைகளை அக்குளில் சொருகிக்கொண்டாள்.

இருபத்தாறு வருட வேலையில்
ஒரு மணி நேரம் முழுசாக ஒன்றும் செய்யாமல் இருந்தது
அன்றுதான்.
சுவருக்குள் தண்ணீர் தூங்கியது.
அது எழுந்துவிடுமோ என்று
இருமலைக்கூட விழுங்கினாள்.
ஓடவிட்ட தண்ணீர் பொய் கற்றுக்கொண்டுவிடும்.
படுத்துக் கிடந்த தண்ணீருக்குத்தான்
யாரோடு படுத்தோம் என்று தெரியும்.

ஆறுக்கு ஆய்வகத்துப் பையன் க்வென்டின் வந்தான்,
பனி ஒட்டிய பூட்ஸ், வாய் அகன்ற பாட்டில்கள்.
"ஓடவிட்டீர்களா?"
"இல்லை."
பேனா மை உறைந்திருந்தது,
அவள் பென்சில் கொடுத்தாள்.
கட்டத்தில் ஒரு சரி போட்டான்.
கழுவக் கூடாது, சிந்தக் கூடாது,
முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் அவள்.
கண்ணாடி மாதிரி இருந்தது.
இதைக் காதில் காய்ச்சி ஊற்றத் தேவையில்லை,
வாயிலேயே
குளிரக் குளிர ஊற்றலாம்.

முடிவு வர பதினோரு நாள்.
நூறு கோடிப் பங்கில் பதினைந்துக்கு மேல் போனால்
குழாயை மூடு என்றது தாள்.
நூலகம் ஒன்பது.
உணவுக்கூடம் இருபத்திரண்டு.
தலைமையாசிரியர் அறையில் சோதிக்கவில்லை,
அங்கே கேன் தண்ணீர்.
மரப்படி போட்ட குழாய்
அறுபத்தொன்று.

அந்தத் தாளை நாலாக மடித்து
சாவிக்கொத்து இருந்த பையில் வைத்தாள்.
பிறகு எடுத்து மறுபடி வாசித்தாள்,
இன்னொரு வரி இருந்தது:
துடைப்பம் அலசும் தொட்டி, ஒன்று.
போன கோடையில் அந்தக் குழாய் உடைந்து
புதுசு மாட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பையைக் கட்டினாள்.
மரப்படியைப் பெயர்க்க ஸ்க்ரூ டிரைவரோடு போனபோது
ஓசியேல் அதில் ஏறி நின்றுகொண்டிருந்தான்,
ஐந்து வயது,
பைக்கு மேலேயே பொத்தானை அழுத்தியபடி.
இந்தக் குழாய்தான் அதிகம் குளிரும்,
அதனால் வரிசையில் இரண்டு தரம் வருகிறவன்.
ஹோலப் டீச்சர் ஆளுக்கு மூன்று எண்ணுவாள்,
இவனுக்கு மூன்று போதாது.

கன் தண்ணி வண்டி மதியம்தான் வருமாம்.

அவள் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.
பிளீச் நெடி, ஈர நூல் துடைப்பங்கள்,
சுவரோரம் மஞ்சள் வாளி.
தன் காபிக் குவளையை இரண்டு முறை தேய்த்து
அந்தத் தொட்டிக் குழாயில் பிடித்துக் கொடுத்தாள்.
அவன் முகம் சுளித்தான், குடித்தான்.
கதவுக்கு வெளியே
ஒருவர் பின் ஒருவராக
இருபத்திரண்டு பேர் நின்றார்கள்.

அவள் யாருக்கும் எண்ணவில்லை.